கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (அக்டோபர் 1908 – 1980) தமிழ்நாட்டைச் சேர்ந்த நாடக நடிகையும் திரைப்பட நடிகையும் பாடகியும் ஆவார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பது இவரது முழுப்பெயர். ஊரின் பெயரும் தாயின் பெயருமே இவருடைய முதலெழுத்துகளாக அமைந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலத்து மேடையில் தொடங்கி வண்ணத் திரைப்படக் காலம் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இவரது குரல் தமிழரிடையே ஒலித்தது. நாடக உலகில் எஸ். ஜி. கிட்டப்பாவின் இணையாகவும், பின்னர் அவரது மனைவியாகவும் அறியப்பட்டார். இன்றைய தலைமுறையினர் இவரைப் பெரும்பாலும் ஔவையாராகவே அறிவர். சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர். 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இளமைக்காலம்

சுந்தராம்பாள் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இப்போது ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. தேவாரப் பாடல் பெற்ற மகுடேசுவரர் கோவில் இவ்வூரில் உள்ளது. தாயார் பாலாம்பாள். உடன்பிறந்தோர் இருவர். தந்தை இல்லாத குடும்பத்தில் வறுமை கடுமையாக இருந்தது. பிழைப்பைத் தேடிக் குடும்பம் கரூருக்குச் சென்றது. முறையான பள்ளிக் கல்விக்கோ, ஒரு குருவிடம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் இசை பயிலவோ வாய்ப்பு இருக்கவில்லை. கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடும் ஆற்றல் மட்டும் சிறு வயதிலேயே இருந்தது.

இவர் நாடகத்துக்கு வந்த விதம் இரு வகையாகச் சொல்லப்படுகிறது. தொடர்வண்டியில் பாடிக் காசு பெற்றுக் கொண்டிருந்த சிறுமியின் குரலைத் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராக இருந்த நாடக ஆர்வலர் எப். ஜி. நடேச ஐயர் கேட்டு நாடகத்தில் சேர்த்துவிட்டார் என்பது ஒன்று. கரூரில் காவல்துறை அதிகாரி ஒருவர் இவரது பாட்டைக் கேட்டு வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ப்பித்தார் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும் வேலு நாயர் குழுவில்தான் இவரது மேடைப் பயிற்சி தொடங்கியது என்பதில் இரு கூற்றுகளும் பெரிதும் முரண்படவில்லை.

தொடக்கத்தில் கிடைத்தவை சிறுவர் வேடங்களே. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் ஆண் குழந்தையாக நடித்துப் பெயர் பெற்றார். பஞ்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறிட வழியின்றி அவர்களைக் கிணற்றில் வீசிவிட்டுத் தானும் உயிர்விடும் தாயின் கதை அது. பசியை நாடகத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அந்தச் சிறுமிக்கு இருந்திருக்காது. 1917 ஆம் ஆண்டளவில் நாடகக் குழுவுடன் இலங்கைக்குச் சென்று கொழும்பு முதலிய இடங்களில் நடித்தார். அக்காலத்தில் தமிழ்நாட்டு நாடகக் குழுக்களுக்கு இலங்கைத் தமிழ் இரசிகர்கள் பெரும் ஆதரவாக இருந்தனர். மதுரை, திருச்சிராப்பள்ளி போலவே கொழும்பும் ஒரு நடிகருக்குப் பெயர் வாங்கித் தரும் ஊராக இருந்தது.

சிறப்பு நாடகங்கள்

சுந்தராம்பாளின் கலையைப் புரிந்துகொள்ள அவர் வளர்ந்த மேடையைப் பற்றிச் சிறிது அறிந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ் நாடக உலகில் இரு வகை அமைப்புகள் இருந்தன. ஒன்று, சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்து நடத்தப்பட்ட பாலர் நாடகக் கம்பெனிகள். மற்றொன்று, 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட சிறப்பு நாடகங்கள். இரண்டுக்கும் பெரும்பாலான நாடகங்களை ஆக்கித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922).

சிறப்பு நாடகத்தில் நிலையான குழு என்று ஒன்று இல்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓர் ஊரில் ஒரு நாளைக் குறித்து, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைத்து வருவார். இராஜபார்ட் ஓரிடத்திலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறிடத்திலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் மாலையில் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, ஞானசவுந்தரி போன்ற நாடகங்களின் பாடலும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அமர்ந்திருப்பர். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடைபெறும்.

ஒத்திகை இல்லாத காரணத்தால் மேடையில் ஒருவரையொருவர் மடக்குவதே இந்நாடகங்களின் சுவையாயிற்று. வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எந்த இராகத்தில் எந்தச் சுருதியில் எடுத்தாலும் மற்றவர் அதே இடத்திலிருந்து பதில் பாட வேண்டும். முடியாவிட்டால் இரசிகர்கள் உடனே தெரிவித்து விடுவர்; பிடித்திருந்தால் 'ஒன்ஸ்மோர்' கேட்டு அதே பாட்டை மூன்று நான்கு முறை பாட வைப்பர். ஒலிபெருக்கி இல்லாத நிலையில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும். பாட்டின் சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல், களைப்பில்லாமல் பாடும் திறனே இந்த மேடை நடிகரின் முதல் தகுதி. சுந்தராம்பாளிடம் அது மிகுதியாக இருந்தது. பெண் வேடங்களில் மட்டுமன்றி இராஜபார்ட் எனப்படும் ஆண் வேடங்களிலும் இவர் நடித்தார். பின்னாளில் நந்தனாராக நடித்தது பலருக்குப் புதுமையாகத் தோன்றினாலும் சிறப்பு நாடக வழக்கில் அது புதிதன்று.

கிட்டப்பாவுடன்

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) சிறு வயதிலேயே அண்ணன்மாருடன் நாடகத்தில் சேர்ந்து, இருபது வயதுக்குள் தமிழ்நாட்டின் முதன்மையான நாடகப் பாடகராக உயர்ந்தவர். உயர்ந்த சுருதியில் எளிதாகச் சஞ்சரிக்கும் அவரது குரலைக் கேட்கக் கர்நாடக இசை வித்துவான்களும் நாடகக் கொட்டகைக்கு வந்தனர்.

1926 ஆம் ஆண்டளவில் கொழும்பில் சுந்தராம்பாள் நடித்துக் கொண்டிருந்தபோது கிட்டப்பாவும் அங்கு வந்தார். அந்தப் பெண்ணுடன் மேடையேறினால் உங்கள் பாட்டு எடுபடாமல் போகும் என்று கிட்டப்பாவைச் சிலர் எச்சரித்ததாகவும், அதனைக் கேட்டே அவர் உடன் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும் கூறப்படுவதுண்டு. இருவரும் வள்ளி திருமணத்தில் இணைந்து நடித்தனர். போட்டியைக் காண வந்த கூட்டம் ஓர் இணையைக் கண்டுகொண்டு திரும்பியது. இருவரது குரலும் ஒரே உயரத்தில் நிற்கக் கூடியவை. ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் தர்க்கப் பாடல் பாடும்போது இருவரில் ஒருவரது குரல் இறங்குவது இயல்பு; இவ்விணையில் அது நிகழவில்லை.

1927 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். இருவரும் வெவ்வேறு சாதியினர். ஆகவே மேடையில் கிடைத்த வரவேற்பு வீட்டில் கிடைக்கவில்லை. ஊர் ஊராக இணைந்து நடித்த இவர்களது நாடகங்களுக்குக் கட்டணம் உயர்ந்தது. இசைத்தட்டுகள் வழியாகக் கொட்டகைக்குப் போக முடியாதவர்களும் இவர்களது பாட்டைக் கேட்டனர். பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. அதன் பின்னர் மனவேறுபாடுகள் வளர்ந்தன. நீண்ட பிரிவுகளும் ஏற்பட்டன.

இக்காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாகிப் பலராலும் படிக்கப்பட்டன. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவரின் பேச்சு மொழியிலேயே அமைந்த அவை, மேடையில் கண்ட வள்ளிக்கும் வீட்டில் காத்திருந்த மனைவிக்கும் இடையிலிருந்த தொலைவைக் காட்டுகின்றன. கோபம், கெஞ்சல், பொருளாதாரக் கணக்கு, உடல்நலம் பற்றிய விசாரிப்பு ஆகிய அனைத்தும் அவற்றில் கலந்து வருகின்றன. இவரைத் தெய்வத்தன்மை பொருந்திய கலைஞராக மட்டுமே சித்திரிக்கும் வாழ்க்கை வரலாறுகளைக் காட்டிலும் இக்கடிதங்கள் இவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கின்றன எனலாம்.

கிட்டப்பாவின் குடிப்பழக்கம் அவரது உடல்நலத்தைக் கெடுத்தது. நோயுற்ற காலத்தில் சுந்தராம்பாள் அவரைக் கவனித்துக் கொண்டார். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா காலமானார். அப்போது கிட்டப்பாவுக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. இவர்கள் சேர்ந்து நடித்த காலம் ஏழாண்டுக்கு மேற்படாது. தமிழ்ப் பேசும் படம் 1931 இலேயே வந்துவிட்ட போதிலும் இவ்விணை எந்தத் திரைப்படத்திலும் பதிவாகவில்லை. தனித்தனியாகப் பதிவான இசைத்தட்டுகளிலிருந்தே இன்று அந்த மேடையை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

மேடைக்குத் திரும்புதல்

கணவர் மறைவுக்குப் பின்னர் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தி, அணிகலன்களை நீக்கி, மேடையை விட்டு விலகிக் கொடுமுடியில் வாழ்ந்தார். இனி எந்த ஆண் நடிகருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இந்த உறுதி பிற்காலத்தில் அவர் ஏற்ற வேடங்கள் அனைத்தையும் தீர்மானித்தது. நாயகி வேடம் என்ற வழி அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே அடைபட்டது.

அவரை மீண்டும் பொதுவாழ்வுக்குக் கொண்டு வந்ததில் காங்கிரசுத் தலைவர் எஸ். சத்தியமூர்த்திக்கும் காந்தியடிகளுக்கும் பங்கு உண்டு. காந்தியடிகள் கொடுமுடிக்கு வந்து, கலையை நாட்டுக்குப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார் என்றும், அவருக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டபோது உணவு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று அவர் வேடிக்கையாகக் கேட்க, சுந்தராம்பாள் தட்டையும் கொடுத்தார் என்றும், அது ஏலம் விடப்பட்டு இயக்க நிதிக்குச் சேர்ந்தது என்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி பெரிதும் பரவியுள்ளது.

ஓய்வுக்குப் பின் இவர் மீண்டும் மேடையேறியது நந்தனார் வேடத்தில். உறுதியை மீறாமல் நடிப்பதற்கு ஆண் வேடமே வழியாயிற்று; அதுவும் காதலற்ற, இறைவனைக் காணத் துடிக்கும் ஓர் அடியவரின் வேடம்.

பக்த நந்தனார் (1935)

நந்தனார் கதையைத் திரைப்படமாக்க விரும்பியவர்கள் சுந்தராம்பாளை அணுகியபோது அவருக்குத் திரைப்படத்தில் விருப்பம் இருக்கவில்லை. மறுத்துச் சொல்வதற்குப் பதிலாக, யாரும் கொடுக்க முன்வராத தொகையாக ஒரு இலட்சம் ரூபாய் கேட்டதாகவும், தயாரிப்பாளர் அசன்தாஸ் அதற்கு ஒப்புக்கொண்டதாகவும் கூறுவர். ஒரு சவரன் தங்கத்தின் விலை முப்பது ரூபாயை எட்டாத காலம் அது. ஒரு படத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற முதல் இந்திய நடிகர் என்று இவர் குறிப்பிடப்படுகிறார். இச்செய்தியே படத்துக்குப் பெரிய விளம்பரமாகவும் ஆயிற்று.

எம். எல். டாண்டன் இயக்கிய இப்படத்தில் நந்தனை அடிமை கொண்ட வேதியராகக் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் அக்காலத்தில் கதாகாலட்சேபங்கள் மூலம் பரவலாக அறியப்பட்டிருந்தன. தில்லைக்குப் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளின் கதை அது. இறுதியில் வேதியர் நந்தனின் பெருமையை உணர்ந்து வணங்குகிறார். 1933–34 இல் காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராக நாடு முழுவதும் சுற்றுப்பயணம் செய்து, தமிழ்நாட்டுக்கும் வந்திருந்தார். கோவில் நுழைவு பற்றிய வாதங்கள் மூண்டிருந்த நேரத்தில் இக்கதை பழைய பக்திக் கதையாக மட்டும் பார்க்கப்படவில்லை.

ஆயினும் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. பாடல்கள் நாற்பதுக்கும் மேல். ஏறத்தாழ பாதி சுந்தராம்பாள் பாடியவை. பாட்டு புகழப்பட்ட அளவுக்குப் படம் புகழப்படவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனத்தில், படத்தில் நன்றாக நடித்தவை மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்னும் பொருளில் கேலி செய்தார். கேலி கடுமையானதுதான், எனினும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய உடலசைவும் நிற்கும் முறையும் அருகிலிருந்து பார்க்கும் ஒளிப்படக் கருவிக்கு ஒத்து வரவில்லை. நாடகத்திலிருந்து திரைக்கு வந்த பலருக்கும் அப்போது இருந்த சிக்கல் இது. பின்னர் 1942 இல் ஜெமினி நிறுவனம் எம். எம். தண்டபாணி தேசிகரை நந்தனாராகக் கொண்டு எடுத்த படமே பெரிதும் நிலைத்தது.

1940 இல் வெளியான மணிமேகலை படத்தில் சுந்தராம்பாள் மணிமேகலையாக நடித்தார். அதுவும் துறவியின் கதையே. அதற்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் இவர் திரையில் தோன்றவில்லை.

விடுதலை இயக்கமும் அரசியலும்

நாடக மேடையும் விடுதலை இயக்கமும் பிரிக்க முடியாதபடி இணைந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் வாழ்ந்தார். 1876 ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய இடமளித்தது. ஆனால் புராண நாடகத்தை எப்படித் தடை செய்வது? நடிகர்கள் வள்ளி திருமணத்தையே நடித்து, இடையில் தேசியப் பாடலைச் செருகினர். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு யாரைக் குறிக்கிறது என்பது கொட்டகையில் இருந்த காவலருக்கும் தெரியும். இவ்வகையில் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ் இம்மரபின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர் உடுத்தி, மேடையிலும் இசைத்தட்டிலும் தேசியப் பாடல்களைப் பாடினர்.

1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் சத்தியமூர்த்தியின் வேண்டுகோளை ஏற்றுச் சுந்தராம்பாள் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். படிப்பறிவு குறைந்த வாக்காளர்களிடம் பேச்சைக் காட்டிலும் பாட்டு விரைவில் சென்று சேர்ந்தது. இவரது பாட்டுக்காகக் கூடிய கூட்டத்தில்தான் பல தலைவர்களின் பேச்சு நடைபெற்றது என்று சொன்னாலும் மிகையாகாது. அத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இழித்துப் பேசிய அரசியல்வாதிகள் பலர் இருந்த காலத்தில், கலைஞர்களின் ஆற்றலைச் சத்தியமூர்த்தி முன்கூட்டியே உணர்ந்திருந்தார்.

1951 இல் சுந்தராம்பாள் காங்கிரசு சார்பில் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் இவரே எனக் கருதப்படுகிறார். இந்தி நடிகர் பிரித்விராஜ் கபூர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டது 1952 இல், எம். ஜி. இராமச்சந்திரன் மேலவை உறுப்பினரானது 1962 இல். திரையுலகினர் தமிழ்நாட்டை ஆண்டதைப் பற்றி எழுதுவோர் பலரும் இப்பெயரை விட்டுவிட்டே வரலாற்றைத் தொடங்குகின்றனர். தமிழ்நாட்டின் சட்ட மேலவை 1986 இல் கலைக்கப்பட்டது.

ஔவையார் (1953)

ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் 1953 இல் வெளியாயிற்று. இதன் படப்பிடிப்பு பல ஆண்டுகள் நீடித்தது. இளவயது ஔவையாகக் குசலகுமாரி நடித்தார். திருமணத்தை விரும்பாத கன்னி விநாயகரிடம் வேண்டி முதுமைக் கோலம் பெறுவதிலிருந்து சுந்தராம்பாளின் பகுதி தொடங்குகிறது.

இளமையையும் மணவாழ்வையும் உதறிவிட்டுக் கோலூன்றி ஊர் ஊராகப் பாடித் திரியும் மூதாட்டியின் வேடம் அவருக்கென்றே அமைந்தது போலாயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கும் குறைவு. வெண்ணிற ஆடையும் நெற்றி நிறைய நீறும் அவர் அன்றாடம் கொண்டிருந்த கோலமே. நந்தனாரில் குறையாகப்பட்ட அசைவற்ற நிலை இங்கு நிறைவாக மாறியது. அரசர்களுக்கு முன் ஔவை அசையாமல் நின்று பாடுகிறாள். அசைய வேண்டியவர்கள் அரசர்கள்தாம். ஔவையின் வேண்டுதலுக்கு இணங்கி யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சி அக்காலத்தில் மக்களைப் பெரிதும் கவர்ந்தது.

படம் பெரும் வெற்றி பெற்றது. எல்லாரும் ஒரே கருத்தினராக இருந்தனர் என்று கூற முடியாது. அப்போது முதலமைச்சராக இருந்த இராசாசி இப்படத்தைப் பார்த்துவிட்டுத் தமது நாட்குறிப்பில் குறைகூறி எழுதினார். சங்க கால ஔவை, நீதிநூல்கள் பாடிய பிற்கால ஔவை எனப் புலவர்கள் பிரித்துக் காணும் பலரை ஒருவராக்கிக் காட்டுவதும் இப்படத்தின் வரலாற்றுக் குறை. ஆனால் தமிழ்ப் பள்ளி மாணவர்களின் மனத்தில் ஔவைக்கு ஒரு முகமும் குரலும் இப்படத்தினாலேயே ஏற்பட்டன.

பிற்காலத் திரைப்படங்கள்

ஔவையாருக்குப் பின் மீண்டும் ஒரு நீண்ட இடைவெளி. 1964 இல் மு. கருணாநிதியின் திரைக்கதை வசனத்தில், ப. நீலகண்டன் இயக்கிய பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். எஸ். எஸ். இராஜேந்திரன் கோவலனாகவும் சி. ஆர். விஜயகுமாரி கண்ணகியாகவும் நடித்தனர். பழைய கோவலன் நாடகங்களில் வளர்ந்தவருக்குச் சிலப்பதிகாரக் கதை புதிதன்று. ஆனால் அந்நாடகங்களில் காணாத சமணத் துறவியின் வேடம் புதிது.

முருக பக்தரான சுந்தராம்பாளும் பகுத்தறிவாளரான கருணாநிதியும் இணைந்து பணியாற்றியது அப்போது வியப்பாகப் பேசப்பட்டது. கோவலன் கொலையுண்டதை அறிந்து கவுந்தியடிகள் பாடும் பாட்டில், நீதி செய்ய வேண்டிய தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரி இருந்தது. தெய்வத்தைக் கேள்வி கேட்கும் அவ்வரியைப் பாட இவர் மறுத்துவிட்டார். தெய்வம் வந்துவிட்டது என்ற பொருள் வருமாறு வரி மாற்றப்பட்ட பின்னரே பாடினார். தம் கொள்கையை விட்டுக்கொடுக்காத இருவருக்கு இடையே ஓரிரு சொல் மாற்றத்தில் இணக்கம் ஏற்பட்டது என்பதற்காக இந்நிகழ்ச்சி அடிக்கடி நினைவுகூரப்படுகிறது.

1965 இல் ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல் வெளிவந்தது. ஞானப் பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனி மலையில் நிற்கும் முருகனை ஔவை வந்து பாடிச் சமாதானப்படுத்தும் காட்சி படத்தின் தொடக்கத்தில் வருகிறது. கண்ணதாசன் பாடலும் கே. வி. மகாதேவன் இசையும் அமைந்த அக்காட்சியில் சுந்தராம்பாள் தோன்றும் நேரம் குறைவே. எனினும் சிவாஜி கணேசன், சாவித்திரி முதலிய பெருநடிகர்கள் நிறைந்த படத்தில் அது தனித்து நிற்கிறது. கந்தன் கருணையிலும் (1967) ஔவையாகவே வந்து, முருகனின் கேள்விகளுக்குப் பாட்டில் விடை கூறினார். அந்தக் கேள்வி விடை அமைப்பு வள்ளி திருமணத் தர்க்கத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் (1969) படத்தில் முருகன் கோவில்களைப் பாடிச் செல்லும் அடியவராக நடித்தார். இப்படத்தில் சிறுமி ஸ்ரீதேவி குழந்தை முருகனாகத் தோன்றினார். இப்படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது சுந்தராம்பாளுக்கு வழங்கப்பட்டது. முந்தைய ஆண்டு அவ்விருதை முதன்முதலாகப் பெற்றவர் பி. சுசீலா. தாமே நடித்துத் தாமே பாடும் வழக்கத்தைக் கடைசிவரை விடாத ஒருவருக்குப் பின்னணிப் பாடகி விருது கிடைத்தது சுவையான முரண். 1973 இல் வெளியான காரைக்கால் அம்மையாரில் இளவயதுப் புனிதவதியாக இலட்சுமி நடிக்க, பேயுருக் கொண்ட அம்மையாராகச் சுந்தராம்பாள் நடித்தார். அழகும் இளமையும் வேண்டாமென இறைவனிடம் கேட்டு நீக்கிக்கொண்ட மற்றொரு பெண்ணின் கதை இது.

குரலும் பாடும் முறையும்

சுந்தராம்பாளின் குரல் பெண் குரலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மென்மையைக் கொண்டதன்று. கணீரென்ற ஓசையும், மேல் சுருதியில் நின்று நீட்டும்போதும் நடுங்காத உறுதியும் அதன் இயல்புகள். இராக ஆலாபனையை விரித்துக்கொண்டே போவதைவிட, சொல்லைத் தெளிவாகப் போட்டு, அதன் முடிவில் ஒரு சிறு பிருகாவால் முத்திரை வைப்பதே இவர் முறை. வரியைத் தொடங்குமுன் தொகையறாவாகச் சில அடிகளைத் தாளமின்றி ஓங்கிப் பாடி, அரங்கம் அமைதியான பின் பாட்டுக்குள் நுழைவது நாடக மேடையின் பழக்கம். கே. வி. மகாதேவன் இவருக்கு அமைத்த பாடல்களில் இப்பழக்கத்துக்கு இடம் விட்டே இசையமைத்தார்.

1960களில் பின்னணிப் பாடகியரின் மென்குரல் எங்கும் பரவியிருந்தபோது, ஒலிவாங்கியின் துணையை நாடாத இக்குரல் வேறொரு காலத்திலிருந்து வருவது போல ஒலித்தது. ஔவை, காரைக்கால் அம்மையார் போன்ற காலத்தைக் கடந்த பாத்திரங்களுக்கு இவரையே இயக்குநர்கள் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

விருதுகளும் நினைவும்

1966 இல் தமிழ் இசைச் சங்கம் இவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. 1970 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. சொந்த ஊரான கொடுமுடியில் தம் பெயரில் ஒரு திரையரங்கு கட்டினார். 1969 இல் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். 1980 இல் சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்த பின் நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் வெண்ணிற ஆடையிலேயே வாழ்ந்தார்.

நடித்த திரைப்படங்களுள் சில

பக்த நந்தனார் (1935)
மணிமேகலை (1940)
ஔவையார் (1953)
பூம்புகார் (1964)
திருவிளையாடல் (1965)
மகாகவி காளிதாஸ் (1966)
கந்தன் கருணை (1967)
உயிர்மேல் ஆசை (1967)
துணைவன் (1969)
சக்தி லீலை (1972)
காரைக்கால் அம்மையார் (1973)